அனோஜினி கேட்டது

வரப்போகும் கேடுகளையெல்லாம் பட்டியல் போட்டு அடக்கலாம் என்று நினைத்த மடையன் நான்.

யாழ்ப்பாணத்து நாரந்தனை வீட்டிலிருந்தபடி கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குக் கொம்பியூட்டர் எஞ்சினியராக வேலை. அதோடு பழைய கிரேக்கரின் ஸ்டோயிக் தத்துவமும் தலைக்கேறியிருந்தது. கையில் உள்ளதைச் செய், இல்லாததை விடு, என்னென்ன கேடு வரும் என்று விடியவே நினைத்துப்பார் என்பார்கள் அந்தக் கிரேக்கர். எங்கள் தொழிலும் அதுதானே? எது பிழையாய்ப் போகும் என்று முதலே யோசித்துத்தான் எதையும் கட்டுகிறோம். அப்படித்தான் எங்கள் கரையின் இருபத்து மூன்று படகுக்காரருக்கும் காற்று எச்சரிக்கை அனுப்பும் புரோகிராம் ஒன்று எழுதினேன். கரண்ட் போனால், சிக்னல் போனால், எல்லாவற்றுக்கும் வழி வைத்தேன்.

"காத்து உன்னைக் கேட்டோடா வரும்?" என்று அவர்களில் ஒருவரான லியோன் அண்ணை நக்கலடித்தார். என்றாலும் முதல் ஆளாக நம்பரைத் தந்தவர் அவர்தான்.

ஒருநாள் பின்னேரம் எல்லாருடைய ஃபோனுக்கும் எச்சரிக்கை போனது. மற்றவர்கள் வீட்டில் நின்றுவிட்டார்கள். அண்ணை மட்டும் கடலுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் உடல் கரையொதுங்கியது. என் திரையில் அவர் நம்பருக்கு நேரே 'திறக்கப்பட்டது, 3.12' என்றிருந்தது. பார்த்துவிட்டும் போனாரே என்று செத்த மனிசனில் எனக்குக் கோபம்கூட வந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணையின் மகள் அனோஜினி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

"சித்தப்பா, பின்னேரத்தில அப்பான்ர ஃபோன் என்னட்டத்தான். ஒன்லைன் வகுப்பு. அப்பா கடலுக்குப் போன அண்டைக்கு ஒரு மெசேஜ் வந்தது. திறந்தனான், டீச்சர் கேள்வி கேட்டவ, வாசிக்காமல் அழிச்சிட்டன். அப்பா அப்ப வீட்டு முத்தத்தில வலை கட்டிக்கொண்டு நிண்டவர்." அவள் அழவில்லை. "அது உங்கட மெசேஜோ?"

3.12க்குத் திறந்தது இவள்தான். அண்ணை இனி என் கையில் இல்லை. இவள் இருக்கிறாள். உள்ள பதிவை இல்லையென்பது என் தொழிலில் பாவம். பொய் அந்தக் கிரேக்கருக்கும் பாவம்தான்.

"இல்லையம்மா. அண்டைக்கு என்ர புரோகிராம் பிழைச்சுப்போச்சு. அப்பாவுக்கு மட்டும் போகேல்லை. உனக்கு வந்தது ஏதும் விளம்பரமா இருக்கும்."

"மெய்யாவோ?"

"மெய்யா. பிழை என்னிலதான்."

பின்னால் வாளியோடு அவள் தாய் ஜெயந்தா அண்ணி நின்றதை நான் காணவில்லை.

"அப்ப நீரோ காரணம், டிலோன்?"

"ஓம் அண்ணி."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "இனி இந்த வளவுக்குள்ள வராதேயும்" என்றார்.

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அனோஜினி தாயைக் கட்டிப்பிடித்து, அப்பா செத்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.