பதினேழாம் கட்டத்தின் பசி

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, பிரேசிலின் கொயாஸ் பக்கத்தில், அதெமாரின் மாட்டுப் பண்ணையில் பதினேழாம் கட்டத்து மண், வீட்டுச் சுவரின் சுண்ணாம்பைத் தின்றது. காலையில் பார்த்தபோது சுவரில் வெறும் செங்கல்தான் இருந்தது. முப்பது வருடம் மாடு மேய்ந்து, புல் செத்து, கறையான் புற்று மட்டும் விளைந்த நிலம் அது. மண் பரிசோதிக்க வந்த அம்மாள் மேய்ச்சல் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, புளித்துப்போன மண்ணைச் சரிசெய்ய ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்று வரைபடம் போட்டுத் தந்திருந்தாள். பதினேழுக்கு நான்கு டன். சுண்ணாம்பு வண்டியின் கணினியில் அந்த வரைபடத்தை ஏற்றினால் போதும், அளவு பார்த்து அதுவே தூவும். அதெமாருக்கு எப்போதுமே தன் மூளைதான் பெரிது.

"படத்த அணைச்சுட்டு எல்லாத்துக்கும் ரெண்டு டன்னா தூவுடா. மண்ணுக்கு என்ன, எண்ணத் தெரியுமா?" என்றார் வண்டியோட்டி வால்தெசியிடம்.

தெரிந்திருந்தது. சுவருக்குப் பிறகு கோழிகள் ஓடில்லாத முட்டை இட்டன. பிறகு ஒரு கிடாரி, நின்ற இடத்திலேயே ஈரச் சாக்கு மாதிரி மடிந்து விழுந்தது. உயிர் இருந்தது, எலும்பு இல்லை. அப்போதும் அதெமார் தண்ணீரைத்தான் குறை சொன்னார். வால்தெசியின் மனைவி ஜுரேமாவுக்கு அப்போது ஏழு மாதம். வியாழக்கிழமை சோறும் அவரைப் பருப்பும் தின்றுகொண்டிருந்தபோது அவளுடைய கடைவாய்ப் பல் கரைந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் தொடை எலும்பு போன மாதத்தைவிடக் குட்டையாக இருந்தது. வால்தெசி உடனே நகரத்தில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டான். அங்கே இரண்டாவது பல்லும் போயிற்று.

"எங்க போனாலும் விடாது போல. எனக்குப் பயமா இருக்கு, வால்தெசி," என்று போனில் சொன்னாள். "எம்பல்லு போனா போவட்டும். கஞ்சி குடிச்சுப்பேன். புள்ளய விடச் சொல்லு."

"யார்கிட்டடி சொல்ல?"

"உன் மொதலாளி கிட்டயா சொல்லச் சொன்னேன்? மண்ணுகிட்ட."

அன்று மதியமே யாரையும் கேட்காமல் வால்தெசி வண்டியில் படத்தைப் போட்டான். நல்ல கட்டங்களுக்கெல்லாம் வாரிக் கொட்டியதில் கொட்டகையில் மிச்சம் குறைவு. இருந்ததைக் கூட்டி அள்ளிப் பதினேழில் தூவினான். படத்தில் சுண்ணாம்பு போதாத இடத்தைக் காட்டும் சிவப்பு சுருங்கிச் சுருங்கி ஒரு மூலையில் வந்து நின்றது. இன்னும் எழுநூறு கிராம் என்று காட்டியது திரை. வண்டியின் சுண்ணாம்புப் பெட்டி காலி. அவன் இறங்கிப் போய், அந்த மூலையில் குப்புறப் படுத்து இடது கையை மண்ணில் நீட்டினான். வலிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னான். யாரோ பொறுமையாக எண்ணி எடுப்பது போல இருந்ததாம். எழுந்து வந்து பார்த்தபோது படம் முழுக்கப் பச்சை.

நவம்பரில் பெண் குழந்தை, குறையில்லாத எலும்போடு. மூன்று வருடம் ஆயிற்று; பதினேழில் இப்போது முழங்கால் உயரம் புல். அதெமார் படத்தைக் கேட்காமல் ஒரு பிடி தூவுவதில்லை. வால்தெசி ஒரு கையால் வண்டி ஓட்டுகிறான். இன்னொரு கையை ஜுரேமா தினமும் காலையில் மடித்து அவன் சட்டைப் பையில் வைத்துவிடுகிறாள். மூன்று வயது மகள் அந்தக் கையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டால்தான் தூங்குவாள். எலும்புள்ள கையைக் கொடுத்தால் குத்துகிறது என்று அழுகிறாள்.