வலது பக்கமாக வந்து பாடு

1967ஆம் ஆண்டு எனக்குப் பொன்னுக்குவீங்கியோடு பிறந்தது. முப்பது வயது தாண்டியவளுக்குக் குழந்தைகளுக்கு வரும் நோய் வந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? கன்னம் இரண்டும் பன் போல உப்பி, லண்டன் கில்பர்ன் வீட்டில் நான் படுத்துக் கிடந்தபோது எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. நான் வாசிப்பது வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரியது, தாடையில் இடுக்கி வாசிப்பது. ‘வயோலா வாசிப்பவர்களுக்குத் தாடை பெரிதாக இருப்பது நல்லதுதானே’ என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். வயோலாக்காரர்களைக் கிண்டல் செய்வது ஆர்க்கெஸ்ட்ராவில் தேநீர் குடிப்பது மாதிரி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வீக்கம் வடிந்த ஒரு காலையில் புரண்டு படுத்தேன். வலது காது தலையணையில் புதைந்ததும் தெருவில் போய்க்கொண்டிருந்த பால் வண்டியின் சத்தம் நின்றது. தலையைத் தூக்கினால் வண்டி ஓடுகிறது, சாய்த்தால் நிற்கிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் உறைத்தது, நின்றது வண்டி இல்லை என்று.

“நரம்பு போயிடுச்சு, மிஸ் ப்ராசர்” என்றார் காது டாக்டர். “இடது காது இனிமே கேக்காது. இன்னொண்ணு நல்லா இருக்கே, அதுக்கு சந்தோஷப்படுங்க.”

சந்தோஷப்பட எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

ஆர்க்கெஸ்ட்ராவில் என் இடம் கூட்டத்தின் நடுவில். எங்கள் வயோலா அணியின் தலைவர் மிஸ்டர் பென்ரோஸ் எனக்கு இடப்பக்கம் உட்காருவார். பக்கம் புரட்டும்போது அவர் கிசுகிசுப்பது எதுவும் என்னை வந்து சேரவில்லை. அவருக்கு அப்பால் செல்லோ என்ற பெரிய, கனத்த குரல் வாத்தியத்தை வாசித்தவர்கள் எல்லோரும் ஊமையாகிவிட்டார்கள். ஒத்திகையில் ஒரு நாள் இசை நடத்துநர் நிறுத்தச் சொல்ல, எல்லோரும் நிறுத்திவிட, நான் மட்டும் இசைக்குறிப்பு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் வாசித்துக்கொண்டே போனேன். அந்த வாரமே பென்ரோஸ் என்னைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார். நல்ல மனிதர். தன் கேக்கைக்கூடத் தொடவில்லை.

“இப்படியே போனா ஒரு நாள் எல்லார் முன்னாலயும் உன்னை எழுந்து போகச் சொல்லிடுவாங்க, டிலிஸ். என்னால அதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது. நீயே கிளம்பிட்டா கௌரவமா இருக்கும்மா.”

மார்ச் மாதம் நானே கிளம்பினேன்.

ஐவி லார்க்கம் என்றொரு அம்மாள் அப்போது லண்டனில் இருந்தார். எந்தப் பாட்டுக்கு எந்த வாத்தியம் வேண்டுமென்றாலும் ஒலிப்பதிவுக் கம்பெனிகள் அவரிடம்தான் சொல்லும். அவர் தன் சமையலறையில் உட்கார்ந்து, தொலைபேசியிலேயே ஆள் சேர்த்துவிடுவார்.

“வியாழக்கிழமை சும்மாதானே இருக்கே?” என்றார் என்னிடம்.

“மிஸஸ் லார்க்கம், எனக்கு ஒரு காது...”

“தெரியும்மா, ஊருக்கே தெரியும். யார்க்‌ஷர்லேர்ந்து நாலு பசங்க வந்திருக்கானுங்க. மில்ரேஸ்னு குழுவுக்குப் பேரு. முடி வெட்ட ஆள் கிடைக்கலை போல. அவனுங்க போடற சத்தத்துக்கு ஒரு காதே அதிகம். வந்து சேரு.”

சோஹோவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் அந்த ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. இரண்டு வயலின், ஒரு செல்லோ, வயோலாவுக்கு நான். மற்ற மூவரும் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஆட்கள். பதிவுக்கு நடுவில் படிக்கச் செய்தித்தாளோடு வந்திருந்தார்கள். பையன்களின் வாசிப்பை முன்பே பதிந்துவிட்டதால், அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே நாங்கள் மேலே வாசிக்க வேண்டும். எல்லோரும் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டி, மற்றதைத் தங்கள் வாத்தியத்துக்காகத் திறந்து வைத்தார்கள். நான் என் ஒரே காதில் மாட்டிக்கொண்டேன். தொலைந்தேன் என்று நினைத்தபடி வில்லைக் கம்பியில் வைத்தேன்.

என் வயோலா எனக்குக் கேட்டது. காது வழியாக அல்ல, தாடை வழியாக. மரத்தில் பதிந்திருந்த எலும்பு அந்த ஒலியை மண்டைக்குள் கொண்டுபோய் நல்ல காதிடம் கொடுத்தது. மற்றவர்கள் ஒரு காதை மூடி மூடித் திறந்து திண்டாடிக்கொண்டிருக்க, எனக்குப் பாட்டும் வாத்தியமும் பிரிந்து பிரிந்து தெளிவாக வந்தன. அங்கே எல்லோரும் ஒற்றைக் காதுக்காரர்கள். அதில் பழக்கப்பட்டவள் நான் ஒருத்திதான்.

ஆனால் பாட்டு உருப்படவில்லை. எங்களுக்கு எழுதித் தந்திருந்த இசை வெறும் சர்க்கரைப் பாகு. கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாடகன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தான். லென்னி ஹெஸ்கத் என்று பெயர். சாயப்பட்டறை வேலையை விட்டு ஒரு வருடம்கூட ஆகாதவன். என் இடப்பக்கம் வந்து நின்று ஏதோ பேசியிருக்கிறான். நான் வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மணிக்குக் கர்வமா?” என்று அவன் குரலை உயர்த்திய பிறகுதான் திரும்பினேன்.

“வயோலாக்காரிப்பா. எதுவும் மெதுவாத்தான் உள்ள போகும்” என்றார் முதல் வயலின்காரர்.

“இந்தக் காது செத்துப்போச்சு, தம்பி. வலது பக்கமா வந்து சொல்லு.”

அவன் ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. என் நாற்காலியைச் சுற்றி வந்து, தரையில் குந்தி உட்கார்ந்தான்.

“இப்பக் கேக்குதா?”

“கேக்குது, கத்தாதே.”

“எனக்கு நோட்டெல்லாம் படிக்கத் தெரியாது, அம்மணி. எப்படிச் சொல்றதுன்னே தெரியலை.”

“சொல்லத் தெரியலைன்னா பாடு.”

“எங்கம்மா சர்ச் கோரஸ்ல பாடுவா. கீழ்க் குரல். வீட்ல துணி தேய்க்கும்போது தன்னோட பங்கை மட்டும் முனகிக்கிட்டே இருப்பா. மெயின் பாட்டு இருக்காது, அடியில போறது மட்டும். சின்ன வயசுல அதுதான் பாட்டுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கடைசி சரணத்துல அது மாதிரி ஒண்ணு...” என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு என் காதருகே முனகினான்.

நான் அதைத் தடித்த கம்பியில், கீழே இறக்கி வாசித்தேன். அவன் தலையாட்டினான். ஓரிடத்தில் “அங்க இன்னும் கொஞ்சம் தயங்கணும்” என்றான். தயங்கினேன். செல்லோக்காரர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். கிண்டல் செய்த முதல் வயலின்காரர் எழுந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த ஒலிப்பதிவாளரிடம், “கடைசி சரணத்துல நாங்க வேண்டாம். இவ மட்டும் வாசிக்கட்டும்” என்றார். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வயலின்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கு இன்றும் என் மனதில் ஒரு நாற்காலி உண்டு.

பாட்டு ஜூன் மாதம் வந்தது, ஜூலையில் எங்கும் அதுதான். உரிமம் இல்லாமல் கடலில் கப்பல் போட்டு நடத்திய வானொலிகளில், சலவைக் கடையில், எங்கள் தெருக் கசாப்புக்காரரின் சீட்டியில். அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் எங்களைப் போன்றவர்களின் பெயரைப் போடும் வழக்கமில்லை. ஆனால் வானொலிப் பேட்டி ஒன்றில், ‘கடைசியில் அழவைக்கிறதே, அது என்ன வாத்தியம்?’ என்று கேட்டதற்கு லென்னி, “வயோலாங்க. டிலிஸ் ப்ராசர்னு வேல்ஸ்கார அம்மணி. பேரை எழுதிக்கோங்க” என்றான். அடுத்த நாளிலிருந்து மிஸஸ் லார்க்கம் என்னை விடவில்லை. பற்பசை விளம்பரத்துக்கு வாசித்தேன், காதல் தோல்விகளுக்கு வாசித்தேன், ஆட்டுக்குட்டியோடு வந்த ஒரு குழுவுக்கும் வாசித்தேன். ஆட்டுக்குட்டி என் நோட்டின் ஒரு மூலையைத் தின்றது.

இருந்தாலும் ஆகஸ்டில் ஒரு மாலை, ஆல்பர்ட் ஹாலில் நின்று கேட்கும் டிக்கெட் வாங்கி என் பழைய ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்கப் போனேன். மெதுவான பகுதி வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் சோறு கிடைத்தது, மரியாதை கிடைத்தது. ஆனால் அத்தனை பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து வில்லைத் தூக்கும் அந்த ஒரு நொடி அங்கே கிடையாது. அதற்குள் இனி எனக்கு இடமில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

டிசம்பரில் மான்செஸ்டரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மில்ரேஸ் பையன்களோடு நானும் போயிருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல பனி. காலை உணவின்போது லென்னியைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள். அவன் வாயில் ரொட்டியோடு போய், ரொட்டியை விழுங்காமலே திரும்பி வந்தான்.

“அம்மாதான். டாட்மார்டன்ல இன்னிக்கு மத்தியானம் அவங்க கோரஸோட கிறிஸ்துமஸ் கச்சேரி. ஹடர்ஸ்ஃபீல்டிலேர்ந்து வர வேண்டிய வயோலாக்காரங்க ரெண்டு பேர் கார் மேட்டுல பனியில மாட்டிக்கிச்சாம். ‘உன் வயோலாப் பொண்ணு கூடத்தானே இருக்கா, கூட்டிட்டு வாடா’ங்கறா.”

“கூட்டத்துல என்னால முடியாது, லென்னி. உனக்கே தெரியும்.”

“தெரியாது. யாரும் எங்கிட்ட சொல்லலை. போய்ப் பாப்போம். முடியலைன்னா எங்கம்மா சுட்ட இறைச்சி அப்பத்தைத் தின்னுட்டு வந்துடலாம். அது நஷ்டமில்லை.”

பள்ளத்தாக்குச் சாலையில் மில்ரேஸ் பையன்களின் வேன் சறுக்கிச் சறுக்கிப் போய்ச் சேர்ந்தது. தேவாலயத்தில் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கோரஸை நடத்துபவர் மிஸ்டர் லம், உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர், வழுக்கையிலிருந்து பனித் துளியைத் துடைத்தபடி வந்தார். பிறகு தெரிந்து அவமானப்படுவதைவிட முதலிலேயே சொல்லிவிடலாம் என்று, “எனக்கு இடது காது சுத்தமாக் கேக்காது, சார்” என்றேன்.

“அப்படியா? எங்க உக்காந்தா உங்களுக்கு வசதி?”

அவ்வளவுதான் கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மேடையைப் பார்த்தேன். சபை இருக்கும் பக்க ஓரத்தில், இப்போது செல்லோக்கள் இருக்கும் வரிசையில் உட்கார்ந்தால் இடப்பக்கம் சபை மட்டும். மொத்த வாத்தியமும் கோரஸும் வலது காதுப் பக்கம்.

“அந்த ஓரத்துல, சார்.”

“செல்லோக்காரங்களே, எழுந்திருங்க. இன்னிக்கு உங்களுக்கு உள்பக்கம்.”

“நான் இங்க எத்தனை வருஷமா உக்காந்திருக்கேன் தெரியுமா?” என்றார் ஒரு முதியவர்.

“தெரியும், வில்ஃப்ரெட். அதான் எழுந்திருக்கச் சொல்றேன், கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டே எழுந்த வில்ஃப்ரெட், என் நோட்டு வைக்கும் தாங்கியைத் தானே தூக்கிவந்து என் முன்னால் சரியாக நிறுத்திவிட்டுப் போனார்.

கச்சேரி தொடங்கியது. மிஸ்டர் லம் கையைத் தூக்கியதும் வலப்பக்கம் எல்லோரும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. நானும் இழுத்தேன். செல்லோக்கள் திரும்பி வந்துவிட்டன. கோரஸின் கீழ்க்குரல் பெண்கள் என் தோளுக்கருகே நின்று பாடுவது போல இருந்தது. ஓரிரு இடங்களில் தடுமாறினேன். நோட்டு கண்ணீரில் மங்கியதுதான் காரணம். வழக்கப்படி சபை முழுதும் எழுந்து நின்று கேட்கும் அந்தப் பெரிய துதிப்பாட்டு வந்தபோது, பின்வரிசையில் பூப்போட்ட கோட்டும் தோள்வரை முடியுமாக லென்னி நின்றான். நோட்டுப் படிக்கத் தெரியாதவன், ஆண்களின் அடிக்குரல் பங்கை ஒரு சொல் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் பின்னறையில் தேநீரும் இறைச்சி அப்பமும். லென்னியின் அம்மா எட்னா, பருத்த கைகளால் என்னை அணைத்துக்கொண்டார்.

“சாப்பிடு, கண்ணு. என்ன இப்படி ஒட்டடைக் குச்சியா இருக்கே? லண்டன்ல அடுப்பே கிடையாதா?”

“அம்மா, விடு, மூச்சு முட்டுது அவங்களுக்கு” என்றான் லென்னி.

“நீ பேசாதே. முடியை வெட்டிட்டு வந்து பேசு.”

மிஸ்டர் லம்மைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். அவர் திகைத்துப்போனார். “நாலு நாற்காலியை நகத்தினதுக்காம்மா? நீங்க வரலைன்னா என் பாடு என்ன ஆகியிருக்கும்!” என்று சொல்லி என் தட்டில் இன்னொரு அப்பத்தை வைத்தார்.

வயலின் அணியில் மான்செஸ்டர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றைச் சேர்ந்த மார்ஜரி தீக்ஸ்டன் என்ற பெண்மணி இருந்தார். வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே என்னிடம், “எங்ககிட்ட வசந்தத்துல ஒரு வயோலா இடம் காலியாகுது. எழுதிப் போடு. ஓரத்து நாற்காலி வேணும்னும் கேளு. கேட்டா கொடுப்பாங்க, இதுல என்ன வந்தது?” என்றார்.

திரும்பும்போது வேன் கிளம்பவில்லை. கோரஸ் முழுவதும் வெளியே வந்து தள்ளியது. வில்ஃப்ரெட் தள்ளாமல், எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதிப் போட்டேன், கேட்டேன், கொடுத்தார்கள். ஏப்ரலில் மான்செஸ்டருக்குக் குடிபோனேன். மிஸஸ் லார்க்கம் கூப்பிட்டால் ரயிலேறிச் சோஹோவுக்கும் போய்வந்தேன். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

அந்தக் கோடையில் பென்ரோஸ் என்னைப் பார்க்க வந்தார். ஒத்திகையின்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இடைவேளையில் மேடையருகே வந்து, ஓரத்திலிருந்த என் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவுதானா, டிலிஸ்? எனக்கு ஏன் இது தோணவே இல்ல?”

“எனக்கும்தான் தோணலை, சார். விடுங்க.”

“நான் உன்னைப் போகச் சொன்னேனே.”

“நீங்க சொல்லலைன்னா நான் சோஹோவுக்குப் போயிருக்க மாட்டேன். அந்தப் பையனைப் பாத்திருக்க மாட்டேன். கேக்கைக்கூடச் சாப்பிடாம உக்காந்திருந்தீங்களே அன்னிக்கு. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு.”

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு, எங்கள் அணியில் இரண்டாவது வரிசைக்காரர் வில்லைப் பிடிக்கும் விதம் சரியில்லை என்று ஆரம்பித்தார். மணி அடிக்கும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம்.