குரல் மட்டும் உள்ளே

சிரித்துவிடக் கூடாது. என்ன ஆனாலும் சிரித்துவிடக் கூடாது. உதட்டை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டால், பார்க்கிறவர்கள் அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவின் காலடியில் போர்வையைச் சரிசெய்தபடி தங்கை இதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் ஜன்னல் வழியாக, தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அக்கா அப்போதுதான் பேசி முடித்திருந்தாள்.

"அன்பான வாடிக்கையாளர்களே, வணக்கம். சலவை சோப்பு மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். இந்தச் சலுகை இன்று மட்டுமே."

ஆறு வருஷமாக அது இன்று மட்டும்தான்.

"சோப்பு இருக்குடி, போன வாரம்தான் வாங்கினேன்" என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா. அவளுக்குக் காது பாதிதான் கேட்கும்; அக்காவின் குரல் மட்டும் எப்போதும் கேட்கும். பதில் சொன்ன பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஜன்னலை மூடிவிடலாமே என்று காலையிலிருந்து நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். மூடினால் புழுக்கமாக இருக்கும் என்றாள் தங்கை. புழுக்கம் உண்மைதான். ஆனால் அது முழு உண்மையில்லை.

அக்கா வேலை பார்த்த எதிர்ப்பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் இருபத்தாறு நாளாக வேலைநிறுத்தம். எல்லாமே சுருங்கிப்போன வருஷம் அது. தங்கை வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடையில்கூடக் கூட்டமில்லை. ஜனங்கள் பழைய கண்ணாடியிலேயே கண்ணை இடுக்கிப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். சூப்பர் மார்க்கெட்டோ, ஆட்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, தானாகவே பில் போடும் மெஷின் ஆறைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆறு மெஷினும் அக்காவின் குரலில் பேசின. 'பொருளைப் பையில் வைக்கவும்.' 'தயவுசெய்து காத்திருக்கவும், ஊழியர் வருவார்.' ஊழியர்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மெஷின் வருவதற்கு முன் ஒரு மத்தியானம் அக்காவைச் சரக்கறையில் உட்காரவைத்து, கடை அறிவிப்பும் மெஷின் பேச்சுமாகப் பக்கம் பக்கமாகத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். எதற்கென்று கேட்காமல் அக்கா வாசித்தாள். ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார்கள். மூன்று நாள் அதை இருவரும் டீயில் நனைத்துச் சாப்பிட்டார்கள்.

வேலைநிறுத்தம் தொடங்கிய முதல் நாளே காய்கறிப் பிரிவில் எடை போடுகிறவர் ஆரம்பித்துவிட்டார். அவரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். "நீ இங்க கொடி பிடிச்சுக்கிட்டு நிக்கிற, உன் குரல் உள்ள ஓவர்டைம் பாக்குது" என்றார். எல்லோரோடும் சேர்ந்து அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபின் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் ஷட்டர் பக்கத்தில் மேனேஜரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான் ஸ்ட்ரைக். அப்போ என் குரலும் ஸ்ட்ரைக். அதையும் வெளிய அனுப்பிடுங்க."

"ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்மா."

"நான் ஸ்ட்ரைக் பண்றதுக்கு நானே ஹெட் ஆபீஸ்ல கேக்கலயே சார்."

அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேச்சு குறைந்துபோனது. குரலை மிச்சம் பிடிக்கிறாயா என்று தங்கை கேலி செய்தாள்.  அந்தக் கேலியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று இப்போது தோன்றியது.

நேற்று மத்தியானம் காலிப் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவள், சுவரில் சாய்ந்தாள். சாப்பிட்டபின் கண்ணயர்வது அவள் வழக்கம். பாவம் தூங்கட்டும் என்று அரை மணி நேரம் எல்லோரும் கோஷத்தைக் கிசுகிசுவென்று போட்டிருக்கிறார்கள். 'வேணும் வேணும், முழு வாரம் வேணும்' என்று காதோடு காதாக. எழுப்பியபோது அவள் எழவில்லை. இதைச் சொல்லும்போதுதான் தராசு உடைந்து அழுதார்.

இப்போது அவரே மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்து அறை வாசலில் நின்றார்.

"தங்கச்சி, மேனேஜர் கீழ நிக்கிறாரு."

"வரச் சொல்லுங்களேன்."

"அப்படியெல்லாம் விட முடியாதும்மா. சங்கம் முடிவு பண்ணாம அவர்கூட யாரும் பேசக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு. அதான் படியில ஓட்டெடுப்பு நடக்குது."

படி முழுக்கச் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீடு என்பதால் கோஷ அட்டைகளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். விடலாம் என்று எட்டுக் கை, வேண்டாம் என்று ஏழு. எட்டில் ஒருவர் தலையைத்தான் சொறிந்தார் என்று ஆட்சேபம் எழுந்தது. "சொறிஞ்சாலும் தூக்கின கை தூக்கின கைதான்" என்று தராசு தீர்ப்புச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: மேனேஜராக வரக் கூடாது, மனுஷனாக வர வேண்டும். அதனால் அவர் பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். பேட்ஜ் இருந்த இடத்தில் சட்டை வெளுக்காமல் ஒரு சிறிய சதுரம் தெரிந்தது.

கட்டில் அருகே கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். இளைத்துப் போயிருந்தார்.

"இருபத்தாறு நாளா உள்ள நான், ரெண்டு செக்யூரிட்டி, அக்கா. அவ்வளவுதான்" என்றார் தங்கையிடம். "செக்யூரிட்டி ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. காலையில எனக்கு வணக்கம் சொல்றது இவங்க மட்டும்தான். நேத்து சாயங்காலமும் 'கடை மூடும் நேரம், நன்றி, மீண்டும் வருக'ன்னாங்க. எனக்கு ஷட்டரை இறக்கக் கை வரல."

அவர் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். கூடவே நான்காக மடித்த ஒரு தாளும் வந்தது. அவர் அதைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எனக்கே தெரியுது. ஆனா ஹெட் ஆபீஸ்ல..."

"சார்" என்றார் வாசலிலிருந்து தராசு. "பேட்ஜை மாட்டிக்குங்க."

மேனேஜர் மறுபேச்சில்லாமல் பாக்கெட்டைத் துழாவிப் பேட்ஜை எடுத்து மாட்டிக்கொண்டார். ஊசி விரலில் குத்தியது. விரலை வாயில் வைத்துச் சப்பியபடியே விஷயத்தைச் சொன்னார். பேசிக் கொடுத்தபோது அக்காவிடம் எழுதி எதுவும் வாங்கவில்லை. இனிமேல் அந்தக் குரலை வைத்துக்கொள்வதானால், கூடப் பிறந்தவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"போடலன்னா?"

"நாளைக்கே எல்லாத்தையும் அழிச்சிடணும். வக்கீல் சொல்லிட்டாரு."

"போட்டா?"

"போட்டா..." மேனேஜர் கட்டிலைப் பார்த்தார். "அவங்க இருப்பாங்க."

"என்னடி கேக்கறாரு?" என்றாள் பெரியம்மா சத்தமாக.

யாரோ அவள் காதில் சொன்னார்கள்: "அக்கா குரலைக் கேக்கறாரு."

"கொடுத்துட வேண்டியதுதானே. அவளுக்கு இனிமே எதுக்கு?"

தங்கை மறுபடியும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த முறை சிரிப்புக்காக இல்லை. வீட்டில் அக்காவின் புகைப்படங்கள் பதினொன்று இருந்தன. எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருந்தாள். குரல் ஒன்றுகூட இல்லை. போனில் 'வரேன், வை' என்பதற்கு மேல் அவள் பேசியதில்லை. காலையிலிருந்து கால் மணிக்கு ஒருதரம் அந்த ஜன்னல் வழியாக வருவதுதான் மிச்சம். தான் அதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தங்கை பத்து மணிக்கே கண்டுபிடித்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. பார்ப்பதை நிறுத்தவில்லை.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "வெட்டி எடுத்த துண்டுகளும் எங்கிட்ட இருக்கும்மா. ஒரு இடத்துல பற்பசைன்னு சொல்ல வராம 'பற்பச்சை, பர்பசை'ன்னு தடுமாறிச் சிரிச்சிட்டாங்க. ஒரு நிமிஷம் முழுசா அந்தச் சிரிப்புத்தான். கையெழுத்துப் போட்டீங்கன்னா அதையும் சேர்த்து உங்க போன்ல ஏத்திக் கொடுத்துடறேன்."

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். நடுவில் மூச்சு வாங்க ஒருதரம் நிற்கும். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மூக்கு வழியாக மறுபடி கிளம்பும்.

ஜன்னலுக்கு வெளியே அக்கா பேசினாள். "நான்காம் எண் கவுண்டருக்கு ஊழியர் ஒருவர் உடனே வரவும்."

சுவரோரம் அமர்ந்திருந்த நான்காம் கவுண்டர்க்காரி பாதி எழுந்துவிட்டாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்து, புடவையைச் சரிசெய்வதுபோல் செய்து மெல்ல உட்கார்ந்தாள்.

மேனேஜர் மைப் பேனாவைத் திறந்து, மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, பேனாவை மட்டும் நீட்டினார். தங்கை வாங்கிக்கொண்டாள். அவர் முகம் இளகியது. வாசலில் தராசு தலையைக் குனிந்துகொண்டார். போடாதே என்று அவர் சொல்லவில்லை, படியிலிருந்தும் ஒருவரும் சொல்லவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். கீழே புள்ளிக்கோடு இருந்தது. அதன்மேல் விரலை வைத்து, கோடு முடிகிற இடம்வரை ஒருதரம் நகர்த்தினாள். பிறகு தாளைப் பழைய மடிப்பிலேயே இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், மேனேஜரின் சட்டைப் பையில் வைத்தாள்.

பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

"மூடி வைங்க சார்" என்றாள். "மை காஞ்சிடும்."