சந்திப்பு

பகல் வண்டி வர அரை மணி நேரம் இருக்கும்போதே தண்டவாள வேலை பார்த்த பழைய கேங்மேன் வெள்ளைச் சட்டையோடு பிளாட்பாரத்தில் நின்றார். கையில் ஒரு பை கொய்யா. சட்டைப் பையில் மகளின் கடிதம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எழுத்துக் கூட்டக் கற்றவர், யார் கையிலும் கொடுக்காமல் தானே படித்த முதல் கடிதம் அது.

“என் குரலே உங்க காதுல விழக் கூடாதுன்னீங்களேப்பா, அதான் எழுதுறேன். செவ்வாய்க்கிழமை பகல் வண்டியில போறோம். அப்புறம் கடல் தாண்டிருவோம். சந்திப்புக்கு வாங்க. பத்து நிமிஷம் நிக்கும். நாலாவது பெட்டி.”

தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டாள் என்று வாசலில் வைத்து அவர் சொன்ன சொல். ஏழு வருஷமாகிறது.

“என்னண்ணே, மாப்பிள்ளை கணக்கா நிக்கிறீங்க? பொண்ணு பாக்கவா?” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“ஆமா சார், என் பொண்ணைத்தான். பகல் வண்டியில வருது.”

“அது இங்க நிக்காதேண்ணே!”

அவருக்கும் தெரியும். கரி எஞ்சின் காலத்தில் எல்லா வண்டியும் இங்கே தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிஷம் நிற்கும். சின்ன வயதில் அவரோடு வண்டியில் போகும்போது ஜன்னல் கம்பி வழியே கை நீட்டி மகள் கொய்யா வாங்குவாள். டீசல் வந்ததும் அது இரண்டு நிமிஷமானது. கரண்டு வந்ததும் அதுவும் போயிற்று. ஆனாலும் படித்த பெண், நிற்கும் என்று எழுதினால் நிற்காமலா போகும்?

கடிதத்தை வாங்கிப் படித்த மாஸ்டரின் குரல் இறங்கியது. “அண்ணே... சந்திப்புன்னா ஜங்ஷன்ணே. போர்டுல அப்பிடித்தானே இருக்கும்.”

அந்த போர்டைத் தோளில் சுமந்து போய்க் குழி தோண்டி நட்டவர்களில் இவரும் ஒருவர். அப்போது எழுத்து தெரியாது. வாய்க்கு அது எப்போதும் ஜங்ஷன்தான். கடிதத்தில் படித்தபோது, சந்திக்கக் கூப்பிடுகிறாள் என்றே நினைத்தார். அப்பா எழுத்துப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருக்காகவே நல்ல தமிழில் எழுதியிருக்கிறாள்.

“ஜங்ஷனுக்கு பஸ்ஸு...”

“ஒன்றரை மணி நேரமாகும்ணே. சிக்னல் விழுந்தாச்சு.”

வண்டி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நாலாவது பெட்டியும் திறக்காத கண்ணாடிதான்; உள்ளே யார் முகமும் தெரியவில்லை. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவன் கொய்யாவைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிப் போனான்.

தூசி அடங்கியதும் தண்டவாளத்தருகே இறங்கிக் குந்தினார்.

“மேல வாங்கண்ணே, வெயிலு கொளுத்துது!”

இருபது நிமிஷத்தில் ஜங்ஷன். அங்கே பத்து நிமிஷம். அவள் கதவோரம் வந்து நிற்பாள்.

சுடும் இரும்பில் உள்ளங்கையை வைத்தார். வண்டியின் அதிர்வு எப்போதோ நின்றுவிட்டது. கையை எடுக்கவில்லை.