மாவு சேர்க்காத பிஸ்கட்

கூடத்துக் கட்டிலில் அப்பா வெள்ளைத் துணிக்கடியில் கிடக்க, சமையலறையில் தம்பி பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தான்.

அக்காக்காரி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. விடிவதற்குள் செய்தி வந்து, கிடைத்த ரயிலில் ஏறிப் பத்து மணிக்கு வந்து சேர்ந்தவள். வாசலில் கால் வைத்ததும் வறுபட்ட பருப்பின் வாசம்தான் அவளை வரவேற்றது.

"என்னடா பண்றே?"

தம்பி திரும்பினான். கண் சிவந்திருந்தது. அழுததாலா, ஓவன் சூட்டாலா என்று தெரியவில்லை.

"வந்துட்டியாக்கா? ஒரு நிமிஷம், இது கருகிடும்."

"பெத்தவர் அங்கே கிடக்கார். உனக்கு இது கருகிடுமா?"

அவன் தட்டை வெளியே இழுத்தான். வரிசையாகப் பன்னிரண்டு வட்டங்கள், ஓரம் மட்டும் சிவந்து. அவள் ஒன்றைத் தொடப் போனதும் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இப்ப தொடாதே. உடைஞ்சிடும்."

அந்தப் பிடி அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாதவன் தூங்குவதுபோல நடிப்பான். இல்லாவிட்டால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வான். முகத்தைப் பார்த்தே ஆளை இறக்கிவிடுவாள். "நீ சாமி கும்பிடறப்பவும் சாமிகிட்ட டிக்கெட் கேப்பே" என்று வீட்டுக்காரர் கேலி செய்வதுண்டு. தம்பியோ தூங்குவதுபோலவும் நடிக்கவில்லை, முகத்தையும் காட்டவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று மாதத்துக்கு முன் அப்பா அவளுக்குப் போன் செய்திருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உன் தம்பி எனக்கு எதையோ கலந்து குடுக்குறாம்மா. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"சும்மா இருங்கப்பா. வயசான காலத்துல இல்லாததை எல்லாம் நெனச்சுக்கிட்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள். விடுப்புப் போட்டு ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. இன்று ரயிலில் நான்கு மணி நேரமும் அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வந்தது.

கூடத்துக்குப் போய்த் துணியை விலக்கினாள். அப்பாவின் கை குச்சியாக இருந்தது. போன வருஷம் அவள் பிடித்து நடத்திப்போன கை அல்ல அது.

"டாக்டர் வந்தாரா?"

"காலையிலேயே வந்து பாத்துட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு வந்து சர்டிபிகேட் எழுதித் தரேன்னார். மூணு மணிக்கு வண்டி வருது."

"அப்பா கடைசியா என்ன சாப்பிட்டார்?"

"பிஸ்கட்."

"வேற?"

"வேற ஒண்ணும் சாப்பிடலைக்கா."

"நேத்தா?"

தம்பி கொஞ்சம் தயங்கினான். "மூணு மாசமா."

அவள் அவனையே பார்த்தாள். பட்டறையில் பழுதான மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பியின் வடு. கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவோடு இருந்துவிட்டவன். ஊரார் அவனை நல்லவன் என்றுதான் சொல்வார்கள். நல்லவன் என்று ஊரார் சொன்ன எத்தனை பேரை அவள் அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டிருக்கிறாள்!

சமையலறை அலமாரியில் பூட்டுத் தொங்கியது. அதையும் பார்த்துக்கொண்டாள். பசித்த கிழவர் இருக்கும் வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்கு எதற்குப் பூட்டு?

கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்தபோது அவள் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"என்னத்தைச் சொல்றதும்மா. உங்கப்பா ஜன்னல் வழியா என்னைக் கூப்பிட்டு, 'வாழைப்பழம் இருந்தா ஒண்ணு குடும்மா'ம்பார். உரிச்சு எடுத்துட்டுப் போனா கோவம் வரும். 'தோலோட குடு'ம்பார். நல்லா இருந்த மனுஷன், இப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிடற நிலைமை."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு அந்த வீட்டில் எல்லாமே இருண்டிருந்தது. டாக்டர் வந்ததும் சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி: 'எனக்குச் சந்தேகம் இருக்கு டாக்டர்.' சொன்னால் மூன்று மணி வண்டி வராது. வேறு வண்டி வரும். அப்பாவை அறுப்பார்கள். தம்பியை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். பிறகு இந்த ஜென்மத்தில் அவளுக்கு ஒரு தம்பி இருக்கமாட்டான். சொல்லாமல் விட்டாலோ, அப்பா இரண்டாவது முறையும் அவளிடம் முறையிட்டு, இரண்டாவது முறையும் அவள் போனை வைத்துவிட்ட மாதிரி ஆகும். கடவுளே, எனக்கு எதையாவது காட்டு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்பாவுக்குச் சட்டை மாற்றவேண்டியிருந்தது. கை மடங்க மறுத்தது.

"இழுக்காதம்மா, அவருக்கு வலிக்கும்" என்றாள் தையல்காரம்மா, உயிரோடு இருப்பவரைப் பற்றிப் பேசுவதுபோல. கத்தரிக்கோலால் முதுகுப்பக்கம் நடுவாக வெட்டிச் சட்டையை இரண்டு பாதியாக எடுத்தாள். உள்பனியனின் உட்புறம், நெஞ்சுக்கு நேராக, ஒரு குட்டிப் பை தைத்திருந்தது.

"இது நான்தான் தெச்சுக் குடுத்தேன். எதுக்குங்கன்னு கேட்டா, 'கஜானா'ன்னார்."

பைக்குள் ஒரு சாவி இருந்தது. அவ்வளவுதான்.

அக்காக்காரி அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் பூட்டில் சாவியைப் போடுவதைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

பூட்டுத் திறந்தது.

மேல் தட்டில் ஓட்டோடு வால்நட் ஒரு வலைப்பை. வாயை நூலால் கட்டி, முடிச்சின்மேல் காகிதம் ஒட்டி, அதன்மேல் அப்பாவின் கையெழுத்து. பக்கத்தில் ஒரு பாட்டிலில் கட்டிக் கற்கண்டு. மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி, அதன்மேலும் கையெழுத்து. கீழே ஓர் அட்டையில் எட்டு முட்டை. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி, கீழே ஒரு கிறுக்கல். மருந்துச் சீட்டில் போடும் அதே கிறுக்கல்.

அவள் ஒரு முட்டையைக் கையில் எடுத்தபடியே கேட்டாள், "என்னடா இது?"

"சமைச்சதைத் தொடமாட்டேன்னுட்டார்க்கா. கஞ்சி வெச்சா, அரிசியில என்ன கலந்தேம்பார். ரொட்டி வாங்கிட்டு வந்தா, மாவுல எதை வேணும்னாலும் கலக்கலாம், கண்ணுக்குத் தெரியாதும்பார். அவரே பொடி கலந்த மனுஷனாச்சே. நாலு நாள் பட்டினி கிடந்தார். அப்புறம் ஒரு நாள் அவரே சொன்னார், 'ஓடு ஆண்டவன் போட்ட சீல்டா. அதை மட்டும் உடைச்சுட்டு ஒட்டவைக்க உன்னால முடியாது'ன்னு."

தம்பியின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"பல்லு இல்லியே, பருப்பை எப்படிக் கடிப்பார்? அதனால அவர் கண்ணெதிர்ல உடைச்சு, இடிச்சு, கற்கண்டைப் பொடிச்சு, வெள்ளைக்கருவை நுரைக்க அடிச்சு... மாவு ஒரு துளி கிடையாது. வாயில போட்டா கரைஞ்சிடும். முதல் ரெண்டு வாரம் கருக்கித் தள்ளினேன். 'சேர்மானம் தப்புடா, இது மருந்தா இருந்தா ஆள் இந்நேரம் காலி'ன்னு திட்டுவார்."

"சாப்பிட்டாரா?"

"முதல்ல நான் பாதி சாப்பிடணும். அப்புறம் கூடத்துக் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே பத்து நிமிஷம் எதிர்ல உக்காந்திருப்பார். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா மீதியை எடுத்துக்குவார்." பிறகு சொன்னான், "அந்தப் பத்து நிமிஷம் நல்லா பேசுவார்க்கா. சின்ன வயசுக் கதை எல்லாம்."

"எனக்கு ஏண்டா சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? அப்பாவுக்கு என்னைப் பாத்தா பயம்னா? ஊருக்கே மருந்து குடுத்தவர். நாலு பேர் காதுல விழுந்தா அவருக்கு என்ன மரியாதை?"

அவள் கையிலிருந்த முட்டையின் கிறுக்கலைப் பார்த்தாள். அப்போதும், பழகிப்போன புத்தி, கடைசியாக ஒரு கேள்வி கேட்டது.

"அப்பா எனக்குப் போன் பண்ணினார். தெரியுமா?"

"நான்தானேக்கா நம்பர் போட்டுக் குடுத்தேன். அந்தச் சின்ன பட்டன்லாம் அவருக்கு எங்க தெரியுது? 'உன்னைப் பத்திதான் பேசப்போறேன், நீ வெளியே போ'ன்னார். தெருமுனை வரைக்கும் போய் நின்னுட்டு வந்தேன்."

அவள் முட்டையை எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்தாள். அவன் முகத்தில் தேட அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

"நேத்து சாயங்காலம் உடைச்சுக் கலந்தது இது" என்று தம்பி தட்டைக் காட்டினான். "'காலையில சூடா குடு'ன்னார். அஞ்சு மணிக்குப் போய் எழுப்பினேன். அவர் பாத்துப் பாத்துக் கலக்கச் சொன்னது. தூக்கிப்போட மனசு வரலை."

டாக்டர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். காலையிலிருந்து மூன்றாவது வீடு என்று முகமே சொன்னது. கூடத்து மேசையில் தாளை விரித்து, பேனாவைத் திறந்து, எழுத ஆரம்பித்தார். வயது, நேரம், கூட இருந்தவர். தம்பி கதவோரம் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். "நீங்கதான் மூத்த பொண்ணா? நீங்க ஏதாவது சொல்லணுமா? எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு தட்டு இருந்தது.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்டீங்க. எடுத்துக்கோங்க டாக்டர். என் தம்பி பண்ணினது."

டாக்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி ஒன்றை எடுத்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

தம்பியின் கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின. போனவை, பாதியில் திரும்பி, மெல்லும் அந்த வாயிலேயே நின்றன.

"நல்லா இருக்குப்பா" என்றார் டாக்டர். தாளின்மேல் உதிர்ந்திருந்த துகளை ஊதித் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போட்டார்.