அப்பா தனக்கு மாட்டிய கதவு

அப்பா இறந்துகிடந்ததைப் பார்த்து ஒன்பது மணி நேரம் கழித்து, அவருடைய அறைக் கதவைக் கழற்றச் சித்தப்பா ஏணியோடு வந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. அப்பாவோடு சேர்ந்து ஸ்லைடிங் கதவு மாட்டும் தொழில் செய்தவர். நடை குறுகல். கதவு முழுக்கத் திறந்தே கிடந்தும் கைப்பிடி துருத்திக்கொண்டு நின்றது. ஸ்ட்ரெச்சர் உள்ளே திரும்பவில்லை.

"ஏணியைப் பிடிச்சுக்கம்மா," என்றார்.

மகள் பிடித்துக்கொண்டாள்.

ஹாலில் அத்தை, காலையிலிருந்து கேட்டதையே திரும்பவும் கேட்டாள். "அந்தக் கதவு கத்துனா பக்கத்து வீட்டு நாயே எழுந்து உக்காரும். ரூம் வாசல்லயே படுத்திருந்த உனக்குக் கேக்கலையா அண்ணி?"

"கேக்கலையே," என்றாள் அம்மா. "அப்படி என்ன பாழாப்போன தூக்கம் எனக்கு."

புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் இதே கேள்வி, இதே பதில். ஒவ்வொரு முறையும் அம்மாவின் குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அப்பா தனக்கென்று மாட்டிக்கொண்ட கதவு அது. தரையில் தடம் போட்டால் கால் தடுக்கும் என்று மேலிருந்து தொங்கவிடச் சொன்னார். வாசலுக்கு மேலே இருக்கிற பலகையிலேயே ரெயிலை முடுக்கிவிடலாம், நம்ம வீடுதானே என்றார் சித்தப்பா. அப்பா நாற்காலியில் இருந்தபடி, குழறலோடு திட்டினார்.

"நம்ம வீடுன்னா கதவு பாரம் கொறைஞ்சிடுமாடா? கதவைப் பாக்காத. ரெயில் எதைப் பிடிச்சுத் தொங்குதுன்னு பாரு."

பலகையைப் பிடுங்கிவிட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரும்புச் சட்டம் போட்ட பிறகுதான் ரெயில் ஏறியது. எல்லாம் கச்சிதம். கதவு தொங்கி ஓடுகிற உருளைகளில் ஒன்று மட்டும் தேய்ந்துபோன பழையது. கதவை நகர்த்தினால் வீல் என்று கத்தியது. சித்தப்பா புதியதை எடுத்து நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் வழுக்கிக்கிட்டுப் போற கதவு, உங்க வீட்டுக்கு மட்டும் கத்துற கதவாண்ணே?"

"இருக்கட்டும். ராத்திரி எழுந்தா உங்கண்ணியைக் கூப்பிடணும். வாய் குழறுது. கதவே கூப்பிடட்டும்."

மாதம் ஒருமுறை மகளை ஸ்டூலில் ஏற்றி, ரெயிலில் தூசி துடைக்கச் சொல்வார். தாங்கிகளின் நட்டுகளை முடுக்கச் சொல்வார். அந்த உருளையை மட்டும் தொடக் கூடாது.

கதவு ஒவ்வொரு இரவும் இரண்டு தடவை, மூன்று தடவை கத்தும். அம்மா எழுந்து அப்பாவைப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போவாள். பக்கத்து அறையில் மகள் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வாள். அவளுக்கு லேபில் காலை ஷிப்ட். போன வாரம் கண் சொருகி, ரத்த மாதிரி இருந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கீழே போட்டு உடைத்திருந்தாள்.

நேற்றிரவு அப்பா தனியாகவே எழுந்து போயிருக்கிறார். விடிந்து அம்மா பார்த்தபோது பாத்ரூம் வாசலில் கிடந்தார். தூக்கிவந்து அவர் கட்டிலிலேயே கிடத்தினார்கள்.

சித்தப்பா ரெயில் முனையில் இருந்த தடுப்பைக் கழற்றினார். கதவை லேசாகத் தூக்கி இழுத்தார். உருளை சத்தமில்லாமல் வழுக்கி வெளியே வந்தது. அவர் கை அப்படியே நின்றது. உருளையை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு கீழே குனிந்து அவளைப் பார்த்தார்.

அவள் ஏணியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரலைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "நல்லாப் பிடிச்சுக்க," என்றார். யாரிடமும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

நேற்று மாலை, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், அப்பா அந்தக் கதவை ஒரு தடவை இழுத்து மூடினார். திறந்தார். தலையைத் தூக்கி ரெயிலைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"நல்லாத் தூங்கும்மா," என்றார்.

இரவு படுக்கப் போகும்போது அவரே கதவை மூடிக்கொண்டார். சமையலறைக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவும் அவளும் கதவைத் தூக்கிவந்து ஹால் சுவரில் சாய்த்தார்கள். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே போனார்கள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். கதவில் கை வைத்தாள்.

"நீ கத்தியிருப்பே," என்றாள் கதவிடம். "நான்தான் பொணமாட்டம் கெடந்துட்டேன்."

"விடு அண்ணி," என்றாள் அத்தை. "இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது."

சித்தப்பா ஏணியை மடக்கினார்.

"அது கத்தலம்மா," என்றாள் மகள். "நேத்து சாயங்காலம் நான் அதுக்கு எண்ணெய் போட்டுட்டேன்."