லிஃப்ட்காரர் யாரைப் பார்க்க வந்தார்

மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு அவள் மேற்பார்வையாளர். வயது ஐம்பத்தொன்று, கணவன் இறந்து பதினொரு வருடம். அழுக்குத் துணி வண்டிகளை ஏற்றி இறக்கும் லிஃப்ட் மாதத்தில் இரண்டு முறையாவது மக்கர் பண்ணும். சரிபார்க்க வந்தவர்தான் அந்த மெக்கானிக். முப்பத்தெட்டு வயது. வேறு இனம், வேறு நிறம். தமிழை அவளிடம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். போகப் போக, லிஃப்ட் ஒழுங்காக ஓடிய நாட்களிலும் வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கும்.

வீட்டில் இருபத்தேழு வயதில் மகள் இருந்தாள். அக்கம்பக்கம் முடிச்சுப் போட அது போதாதா? பேச்சு அம்மாவின் அண்ணன் காதுக்கு எட்டியது.

அந்த ஞாயிறு அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மெக்கானிக்குக்கு எதிரே உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"தம்பி, சுத்தி வளைக்கல. எங்க பொண்ணையும் உங்களையும் சேர்த்து நாலு பேர் பேசுறாங்க. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?"

"என்ன வாய், சார்?" என்றார் மெக்கானிக். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நீங்க வேற ஆளுங்க, நாங்க வேற ஆளுங்க. மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. கடைசியில மனசைக் கல்லாக்கிட்டேன். அவளுக்குப் பிடிச்சிருந்தா சரி. ஆனா சும்மா வந்து போறது வேண்டாம். கல்யாணத்தைப் பதிவு பண்ணிடலாம்."

சமையலறை வாசலில் நின்றவள் மகளைப் பார்த்தாள். 'அதெல்லாம் இல்ல மாமா' என்று சிரித்துத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தாள். மகள் தள்ளவில்லை. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு அடங்க மறுத்தது.

கொஞ்ச நாளாகவே ஞாயிற்றுக்கிழமை என்றால் மகள் வெளியே போவதில்லை. நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்துவாள். கண்ணில் பட்டதெல்லாம் இப்போதுதான் அம்மாவின் புத்தியில் ஏறியது.

மெக்கானிக் எழுந்து அம்மாவைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்டது அந்தப் பார்வை. வேண்டாம் என்று அவள் லேசாகத் தலையசைத்தாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"இவ எதுக்குத் தலையாட்டுறா?"

"சார், நான் இந்தப் பொண்ணு பார்க்க வரல," என்றார் மெக்கானிக்.

"அப்ப யாரைப் பார்க்க வர்றீங்க?" கேட்டது மகள்.

அவர் வாய் திறக்கும் முன் அம்மா சொன்னாள். "என்னைப் பார்க்க."

"உனக்கு என்ன வயசு?" என்றார் அண்ணன்.

"ஸ்கூல்ல சேர்க்கும்போது எழுதிக் கொடுத்தது நீங்கதானே அண்ணே."

"இவனுக்கு?" மரியாதை அதற்குள் பறந்துவிட்டிருந்தது.

"முப்பத்தெட்டு."

"வேற இனம்னாலும் மருமகனாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தேன். தங்கச்சி புருஷன்னு இவனை யார்கிட்ட காட்டுவேன்?"

"யார்கிட்டயும் காட்ட வேண்டாம்."

அண்ணன் போய்விட்டார். மகள் அறைக்குள் போய்த் தாழிட்டாள்.

"நீங்களும் இப்ப போங்க," என்றாள் அம்மா மெக்கானிக்கிடம். எப்போது வரலாம் என்று கேட்டார். தெரியவில்லை என்றாள்.

பிறகு மகளின் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"உங்க எல்லார் முன்னாடியும் தலையைக் குனிஞ்சிட்டு நின்னேன்மா. முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு இந்த அவமானம் வேணுமா?"

"உன் மனசு எனக்குத் தெரியாதுடி. இந்த வயசுலயான்னு நீ சிரிச்சிடுவியோன்னு பயந்தேன்."

"சிரிச்சிருப்பேன். அதோட போயிருக்கும்."

மறுநாள் மகள் தோழியின் அறைக்குக் குடிபோனாள். இரண்டு மாதம் அவளிடமிருந்து தகவலே இல்லை. மெக்கானிக்கை அம்மா லிஃப்ட் வாசலில் மட்டும் பார்த்தாள். நின்றபடியே பேசினார்கள். என் பெண் பேசாதவரை ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை.

ஒரு மதிய வேளை மகளே போன் செய்தாள். "உங்க கல்யாணத்துக்கு மாமா சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டாரு. நான் போடுறேன். ஆனா நீ கட்டிக்கிறவர் இருக்கிற வீட்டுல என்னால இருக்க முடியாது. இப்போதைக்கு."

பதிவு அலுவலகத்தில் மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமலே வாழ்த்துச் சொல்லிவிட்டு வெளியேறினாள். அம்மா பேருந்து நிறுத்தம் வரை பின்னாலேயே போனாள்.

"சாப்டியா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"சாப்டேன்," என்றாள் மகள், பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி. அது வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.